சகலையிடம் நான் விற்கச் சொன்ன பங்குகள்

என் சகலை அந்தப் பங்குகளை வாங்கியது என்னைக் கேட்டுவிட்டுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் கையில் பணம் புரள ஆரம்பித்த பிறகு ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவள் எனக்கு, இளையவள் அவருக்கு. மலாக்காவில் காஜா பெராங்கில் அடுத்தடுத்த இரண்டு பலகை வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தோம். இரண்டு வீடுகளும் கம்போங் செட்டியைச் சேர்ந்த, தமிழ் மறந்துபோன பழைய செட்டிக் குடும்பத்து அம்மாள் ஒருவருக்குச் சொந்தம். நெற்றியில் விபூதியோடு வந்து மலாயில் வாடகை கேட்பார். நான் பெண்டஹாரா ரோட்டில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கடையில் ரேடியோ பழுதுபார்ப்பவன். சகலை ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் கிராணி, எழுத்து வேலை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. துரைமார்கள் ஒவ்வொருவராகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய துரை மட்டும் அசையவில்லை.

வயதில் எனக்கு ஆறு வருஷம் இளையவர். என்னை 'அண்ணே' என்பார். நான் 'தம்பி' என்பேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பங்கு வாங்கும்வரைக்கும் எனக்கு அவர்மேல் பெரிய குறையும் இருந்ததில்லை. அவருடைய சட்டை எப்போதும் கசங்காமல் இருப்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு முன்கூடத்தில் ஒரு ரேடியோவின் முதுகுப்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சகலை வந்து எதிரே குந்தினார்.

"அண்ணே, ரேடியோவுக்குள்ள வால்வு இருக்குல்ல, அதுல எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?"

என் தொழிலைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ரேடியோவை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உள்ளே கண்ணாடிக் குப்பிகளாக ஐந்து வால்வுகள். நான்கில் ஒரே இங்கிலீஷ் கம்பெனியின் முத்திரை.

"இத பாருங்க தம்பி. மலாக்காவுல எந்த வீட்டு ரேடியோவைத் தொறந்தாலும் இவன்தான் இருப்பான். இவன் இல்லேன்னா ஊரே ஊமையாயிரும்."

"அந்தக் கம்பெனி மேல லண்டன்ல கேஸ் போட்டிருக்காங்களாமே. வால்வு செய்யிற கம்பெனியெல்லாம் ஒண்ணா சேர்ந்துகிட்டு ஒரே வெலை வைக்கிறாங்களாம். போட்டிக்கு யாரையும் விடுறதில்லையாம்."

"அது நெசம்தான். எங்க தவுக்கே ஒருதரம் சொன்ன வெலைக்குக் கொறைச்சு வித்துப்புட்டாரு. மூணு மாசம் சரக்கே அனுப்பலை. கடைசியில இவரே சிங்கப்பூருக்குப் போயி ஏஜெண்டுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு."

"அப்ப கேஸ்ல தோத்துட்டா?"

நான் சிரித்தேன். "தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன? வால்வு இல்லாம ரேடியோ பாடுமா தம்பி?"

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எதற்குக் கேட்டார் என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வழக்குப் போட்ட செய்தி வந்தவுடன் லண்டனில் பயந்துபோய் எல்லாரும் அந்தப் பங்கை விற்றிருக்கிறார்கள். விலை இறங்கியிருக்கிறது. அவருடைய துரை சிங்கப்பூர் புரோக்கருக்குக் கடிதம் போட்டு மலிவாக வாங்கினார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு அடித்தவர் என் சகலை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்னிடம் வந்து கேட்டுவிட்டு, தன் சேமிப்பு முழுவதையும் போட்டுத் தானும் வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பங்கு ஏறிய ஏற்றத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. கம்பெனி ஜெயித்துவிடும் என்று ஒரு வதந்தி. டெலிவிஷன் என்று ஒன்று வரப்போகிறது, ஒரு பெட்டிக்குப் பதினைந்து இருபது வால்வு வேண்டும் என்று இன்னொரு வதந்தி. லண்டனில் ஒரு சாட்சி கம்பெனிக்கு எதிராகப் பேசினால் விலை இறங்கும். மறுவாரம் கம்பெனி வக்கீல் எழுந்து பேசினால் இறங்கியதற்கு மேல் ஏறும். மலாக்காவிலும் ஆசை தொற்றிக்கொண்டது. பெண்டஹாரா ரோட்டு நகைக்கடை முதலாளி ஒருவர் வாங்கினார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வாங்கினார். துணிக்கடை மரைக்காயர் ஒருவர் வாங்கிவிட்டு, இது நம் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று ஒரு மாதம் கவலைப்பட்டார். சனிக்கிழமை மதியம் லண்டன் பத்திரிகை வந்ததும் எல்லாரும் சகலை வீட்டு முன்கூடத்தில் கூடிவிடுவார்கள். அவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லுவார். அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

பலகைச் சுவர்தானே. எங்கள் வீட்டுக்கு எல்லாம் கேட்கும். அந்த ஆட்களில் ஒருவராவது தங்கள் வாழ்நாளில் ஒரு வால்வைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்களா? அது சூடேறும்போது உள்ளே சிவப்பாக ஒரு கம்பி மினுங்குமே, அதைப் பார்த்திருப்பார்களா? நான் நித்தம் பத்து மணி நேரம் அதோடு கிடந்தவன். எனக்குக் கிடைத்தது விரல் நுனியில் சூட்டுக்காயம். என் அறிவை வைத்து இன்னொருவர் சம்பாதிக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அது போகவே இல்லை.

முதலில் அவர்கள் வீட்டுக்கு ஐஸ்பெட்டி வந்தது. எங்கள் வரிசையில் அதுதான் முதல். என் கொழுந்தியாள் நல்ல பெண். தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கட்டி போட்டுத் துணியால் மூடிக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"அத்தான், தண்ணியில போட்டுக் குடிங்க. சூட்டுல வேலை செஞ்சுட்டு வர்றீங்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிச்சை போடுவதுபோல் இருந்தது. அவள் போனதும் ஐஸை வெளியில் கொட்டிவிடுவேன். ஒருநாள் என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, அது என்னா பாவம் செஞ்சுச்சு?"

"பல்லு கூசுது."

அவள் மறுநாளிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஐஸ்தண்ணீர் குடிப்பதைப் பார்த்தபோது எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க வருவார். முன்பெல்லாம் மூத்த மருமகன் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். ஐஸ்பெட்டி வந்த பிறகு பையை அங்கே வைத்துவிட்டு, முகம் கழுவி, ஏதாவது குடித்துவிட்டு, அப்புறம் இங்கே வந்தார். வந்து உட்கார்ந்ததும், "சின்னவரு கெட்டிக்காரரு" என்றார். நான் சோல்டரிங் இரும்பைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றேன். வாடகைக்கு வந்த செட்டி அம்மாள்கூட அந்த வீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து, "ஓராங் காயா பாரு" என்று என்னிடம் சிரித்தார். புதுப் பணக்காரன் என்று அர்த்தம். எல்லாரையும்விட அந்த அம்மாள்தான் எனக்கு அன்று பிடித்தமானவராக இருந்தார்.

பிறகு ரேடியோகிராம் வந்தது. மேலே இசைத்தட்டு, கீழே ரேடியோ, மேசைபோல் நீளமான தேக்குப் பெட்டி. அதை எங்கள் கடையில் வாங்கியிருந்தால் தவுக்கே எனக்குக் கமிஷன் கொடுத்திருப்பார். சகலை அதைச் சிங்கப்பூரில் வாங்கினார். துரை யாரையோ தெரியும் என்று சொன்னாராம். வந்து இரண்டாவது வாரம் அது இரைய ஆரம்பித்தது. சனிக்கிழமை மதியம் கூட்டம் கூடியிருக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நான் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அவர்கள் பங்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில் தீர்ப்பு என்று பேச்சு.

"எங்க சகலைதான். அவரு கை பட்டா எந்த ரேடியோவும் பாடும்" என்று சகலை என்னை மரைக்காயருக்கு அறிமுகம் செய்தார்.

"அப்படியா. நமக்கும் ஒண்ணு வீட்டுல கெடக்கு, வந்து பாருங்களேன்" என்றார் மரைக்காயர்.

உள்ளே எட்டு வால்வுகள். எட்டும் அதே கம்பெனி. ஒன்றுக்குக் கால் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான் கோளாறு. அழுத்தியதும் இரைச்சல் நின்று பாட்டு தெளிவாக வந்தது. எல்லாரும் 'ஆகா' என்றார்கள். வேட்டியெல்லாம் தூசியோடு நான் எழுந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சகலை என்னை நிறுத்தினார்.

"அண்ணே, உங்கள ஒண்ணு கேக்கணும். போட்டதுக்கு மூணு மடங்கு ஆயிருச்சு. தீர்ப்பு வரைக்கும் வச்சிருக்கலாமா, இப்பவே வித்துரலாமா? துரை வச்சிருங்குறாரு. எனக்கு என்னமோ உங்க பேச்சுலதான் நம்பிக்கை. மொதல்ல சொன்னதே நீங்கதானே."

இப்போது அதை நினைத்துப் பார்க்கிறேன். நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. மற்றவர்களிடம் சொல்லவில்லையே தவிர, மனதில் வைத்திருந்தார். அது போதாதா ஒரு மனிதனுக்கு? எனக்குப் போதவில்லை. கம்பெனி ஜெயிக்கும், பங்கு இன்னும் இரண்டு மடங்கு ஏறும் என்று என் மனதுக்கு உறுதியாகத் தெரிந்தது. எட்டுக்கு எட்டும் அவனுடைய வால்வு. அவனை யார் அசைக்க முடியும்? அந்த ஏற்றம் இவருக்குக் கிடைக்கக்கூடாது என்று தோன்றியது.

"வித்துருங்க தம்பி" என்றேன்.

"அப்படியாண்ணே?"

"கோர்ட்டு விஷயத்தை யாரு கண்டா? கையில உள்ளது மிச்சம். திங்கக்கெழமையே வித்துருங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமையே தந்தி அடித்து விற்றுவிட்டார். வந்த பணத்தில் விமானத்தளத்துக்குப் பக்கத்தில் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் வீடு கட்ட மனை வாங்கினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சொந்தமாக ஒரு பழுதுபார்க்கும் கடை வைக்க வேண்டும் என்று ஏழு வருஷமாக நானும் என் மனைவியும் தபாலாபீசில் சேர்த்த பணம் இருந்தது. சிங்கப்பூர் புரோக்கரின் ஆள் ஒருவர் மாதம் இருமுறை மலாக்காவுக்கு வந்து ஒரு ஹோட்டல் மாடியில் தங்குவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். என் கையில் ஈயக்கறை. அவர் என் கையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலாயில், "தீர்ப்பு நெருங்குகிறது, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன். சகலை விற்ற அதே பங்கு. அவர் விற்றதைவிட விலை கொஞ்சம் கூட. படியிறங்கும்போது எனக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து இறங்கி வருவது மாதிரி இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த சில வாரம் பங்கு ஏறத்தான் செய்தது. அந்த வாரங்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. சாயங்காலம் வேண்டுமென்றே சகலை வீட்டுக்குப் போய், "இன்னும் ஏறுதாமே தம்பி" என்பேன். முகம் வாடுகிறதா என்று பார்ப்பேன்.

"ஏறட்டும்ணே. நம்ம வயித்துக்கு இவ்வளவு போதும். மனையில வேலி போடணும், வந்து பாக்குறீங்களா?"

வாடவே இல்லை. என் சந்தோஷத்தில் பாதியை அது தின்றுவிட்டது. ஐஸ்தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அந்த நாட்களில் மட்டும் பல் கூசவில்லை.

தீர்ப்பு வந்த செய்தியையும் அவர்தான் கொண்டுவந்தார். கடைக்கே வந்துவிட்டார், வேலை நேரத்தில், சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு. கையில் ஒரு சீப்பு மஸ் வாழைப்பழம். எப்போதும் கசங்காத சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அண்ணே! கம்பெனி தோத்துருச்சு. சேந்து வெலை வச்சது தப்பு, இனிமே அப்படிச் செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காலையில துரைக்குத் தந்தி வந்துச்சு. பங்கு அப்படியே உழுந்துருச்சு. துரை தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு."

என் கையில் இரும்பு சூடாக இருந்தது. அதைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.

"நீங்க மட்டும் சொல்லலேன்னா நானும் அப்படித்தாண்ணே உக்காந்திருப்பேன். என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க."

தவுக்கே, எதிர்க்கடைக்காரர், வாசலில் நின்ற இரண்டு பேர், எல்லாரும் கேட்கும்படி சொன்னார். நான் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"தங்கச்சி வந்து அழுதுட்டுப் போறா. அத்தான் இல்லேன்னா தெருவுலதான் நின்னுருப்போம்குறா. அப்பாவுக்குக் கடிதாசி எழுதப் போறேன்" என்றாள். அன்று மீன் வாங்கி ஆக்கினாள். நான் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாள் பொறுத்தால் விலை திரும்பும் என்று இருந்தேன். ஒருநாள் தவுக்கே சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஜப்பான்காரன் செய்த ரேடியோ. கையகலம் இருந்தது. திருகியதும் சூடேறக் காத்திருக்காமல் உடனே பாடியது. திறந்து பார்த்தேன். ஒரு வால்வுகூட இல்லை. மிளகு அளவில் என்னவோ ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டேன். வழக்கில் தோற்றதுகூடப் பெரிதில்லை. கம்பெனியை அடித்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. மலாக்காவில் முதலில் புரிந்திருக்க வேண்டியவன் நான். என் கண் முழுக்கப் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

அந்த மாதமே போன விலைக்கு விற்றேன். போட்டதில் கால்வாசி தேறியது.

பிறகு ஒருநாள், கடைக்கு இடம் பார்க்கலாம் என்று சொல்லி என் மனைவி தபாலாபீஸ் புத்தகத்தை எடுத்தாள். வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"அவர விக்கச் சொல்லிட்டு நீங்க ஏன் வாங்குனீங்க?"

"அவரு எனக்கு மேல போறது பொறுக்கலை."

அந்த ஏழு வருஷப் பணத்தில் அவள் தைத்துக் கொடுத்த சட்டைகளின் கூலியும் இருந்தது. அவள் புத்தகத்தை மூடி, "இத நீங்களே போயி அவருகிட்டச் சொல்லணும். எங்க அப்பா ஊரெல்லாம் உங்களப் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. என்னால அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சகலை துணியால் ரேடியோகிராமைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காராமல் சொன்னேன். விற்கச் சொன்னது அவருக்கு வரவேண்டியது வராமல் போகட்டும் என்றுதான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் துணியோடு நின்று கேட்டார். முகம் முதலில் கறுத்தது. பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடியே, இங்க வா. அத்தான் என்னா செஞ்சிருக்காருன்னு கேளு!"

"தம்பி, நான் கெட்ட எண்ணத்துல சொன்னேன்னு சொல்றேன்."

"எந்த எண்ணத்துல சொன்னா என்னாண்ணே? தப்பிச்சது நான்தானே. உழுந்தது நீங்கதானே. இதுக்கு மேல நான் உங்கமேல என்னா கோவப்படுறது? உக்காருங்க."

கொழுந்தியாள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் கிண்ணத்தில் ஐஸ் வரவில்லை. அவள் கோபம் எனக்கு நியாயமாகப் பட்டது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவருடைய சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அதே இடத்தில் நான் இருந்திருந்தால் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன். அந்த மனதும் அவருக்கே வாய்த்திருக்கிறதே என்று, வீட்டுக்குத் திரும்பி நடந்த பத்தடி தூரத்தில், அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கல்யாணம் காட்சி என்று எங்கே கூடினாலும் அவர் அந்தக் கதையைச் சொல்வார். 'எங்க அண்ணன் எனக்குக் கெடுதல் செய்யப்போயி மனை வாங்கிக் குடுத்தாரு' என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமனாரும் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு 'சின்னவரு' என்று மட்டும் சொல்வார், 'கெட்டிக்காரரு' என்பதை என் முன்னால் விட்டுவிடுவார். என் மனைவி எனக்காக வாழ்நாளில் ஒருதடவைகூட அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. நான் டிரான்சிஸ்டர் பழக ஒன்றரை வருஷம் ஆயிற்று. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நடுங்காத கையோடு, எல்லாவற்றையும் முதலிலிருந்து. சொந்தக் கடை வைத்தது அதற்கும் வெகுநாள் கழித்து.

பத்து பெரெண்டாம் வீடு எழும்பியபோது மின்சார வேலை முழுவதையும் நானே செய்து கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அவர் வற்புறுத்தினார், நான் மாட்டேன் என்றேன். அந்த ஒன்றிலாவது நான் மேலே இருக்க வேண்டும் என்றிருந்தது. புதுமனை புகுந்த அன்று பால் பொங்கி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். நல்ல காற்று. வானத்தில் ஒரு விமானம் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்துக்கு ஆறு ஜன்னல். எங்கள் வீட்டில் இரண்டு.

"சாப்பிட வாங்கண்ணே, எலை போட்டாச்சு" என்று சகலை உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜன்னல்களை இன்னொரு தடவை எண்ணினேன்.